கிருஷ்ணகிரி வட்டார ஆய்வுகளைத் திரட்டுதலில் பைத்தான் நிரல் நூலகங்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளில் முன்பு வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டப் பைத்தான் மொழியின் நிரல் நூலகங்கள் துணைபுரிகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு, அத்திரட்டலில் ஊர்ப்பெயரும் எழுத்துக்குறியீடும் விளைவிக்கும் பிழைகளையும் அவற்றைக் களையும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பைத்தான், கிராஸ்ரெஃப், மீத்தரவு, ஒருங்குறி, ஊர்ப்பெயர்

முன்னுரை

‘இவ்வட்டாரம் குறித்து விரிவான ஆய்வு இதுவரை நிகழவில்லை’ என்னும் தொடர் ஆய்வேடுகளில் நமக்குப் பழக்கமானது. அம்முடிவுக்கு வர எங்கே, எந்தச் சொற்களால் தேடப்பட்டது என்பது பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. இன்று அத்தேடலை நிரல்வழிச் செய்ய இயலும். ஆனால் நிரல் தரும் எண்ணிக்கையை அப்படியே சான்றாகக் கொண்டால் பிழை குறையாது. பிழைக்கு ஒரு மதிப்புமட்டுமே கூடும்.

நிரல் நூலகம் செய்வது

நிரல் நூலகம் என்பது பிறர் எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுப்பு. ஹாபனெரோ என்னும் பைத்தான் நூலகம் கிராஸ்ரெஃப் தரவுத்தளத்திற்கு வினாவை அனுப்பி, தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, டிஓஐ எண் ஆகிய மீத்தரவுகளைப் பெற்றுத் தரும். சில வரிகளில் இது முடிந்துவிடும். ஒரு வினாவுக்கு 1000 பதிவுகள் வரையே கிடைக்கும். மேலும் வேண்டின் கர்சர் முறையில் தொகுதி தொகுதியாகப் பெற வேண்டும். கூகுள் ஸ்காலர் தளத்திற்கு அதிகாரபூர்வமான நிரல் இடைமுகம் இல்லை. ஸ்காலர்லி என்னும் நூலகம் அத்தளத்தின் பக்கங்களையே படித்துத் தரவெடுப்பதால், தேடல் மிகும்போது தளம் அதனைத் தடுத்துவிடுகிறது.

கிராஸ்ரெஃப் தேடலில் ஒரு நுட்பம் உண்டு. ‘கிருஷ்ணகிரி நடுகல்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களை இட்டால், அவற்றுள் ஏதேனும் ஒன்று அமைந்த பதிவுகளும் விடையில் சேரும். நெருக்கமானவை முன்னும் தொடர்பற்றவை பின்னும் அடுக்கப்படும். எனவே ‘மொத்த விடைகள்’ என்று காட்டப்படும் பெரிய எண், அப்பொருளில் அமைந்த ஆய்வுகளின் எண்ணிக்கை அன்று. தலைப்புகளைப் படித்துப் பிரிக்கும் வேலை ஆய்வாளருடையதே.

ஊர்ப்பெயர்ச் சிக்கல்

எல்லைப்பகுதி என்பதால் இவ்வட்டாரத்தில் இச்சிக்கல் கூடுதலாக உள்ளது. ‘ஹொச ஊரு’ எனில் கன்னடத்தில் புதிய ஊர். அப்பெயர் கொண்ட ஊர்கள் கர்நாடகத்தில் பல. கிருஷ்ணகிரி என்னும் பெயரில் வயநாட்டிலும் ஊர் உண்டு. ஆகவே ஊர்ப்பெயரால்மட்டும் தேடினால் வேற்றூர் ஆய்வுகள் கலந்துவிடும். மேலும், தலைப்பில் தேடினால் ஓசூரைப் பற்றிய ஆய்வுகள் கிடைக்கும். ஆசிரியர் பணியிடத்தில் தேடினால் ஓசூரிலிருந்து எழுதப்பட்டவை கிடைக்கும். தொழிற்பேட்டைகளும் பொறியியல் கல்லூரிகளும் உள்ள ஊராதலின், பின்னதில் பொறியியல் கட்டுரைகள் மிகுவது இயல்பு. பணியிடத் தரவைப் பதிப்பகம் அளித்தால்தான் அது பதிவில் இருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

விடுபடுதல் இதனினும் பெரிய இடர். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது; தருமபுரி மாவட்டமோ 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. மயிலாடும்பாறை இதற்கு நல்ல சான்று. அவ்வூரின் இரும்புக்காலக் காலக்கணிப்பு, கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டபோது அது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர். அங்கு 2003இல் அகழாய்வு நடந்தபோது தருமபுரி மாவட்டத்து ஊர். ‘கிருஷ்ணகிரி’ என்று மட்டும் தேடுபவர் பழைய எழுத்துகளைக் காணாமலே போகக்கூடும். அதற்கும் முந்தையவற்றுக்குப் பாராமகால் என்னும் பெயரையும் சேர்த்தாக வேண்டும். தேடுசொற்பட்டியல் ஒருவகையில் அவ்வட்டாரத்தின் ஆட்சி வரலாறே.

ஒரே சொல், இரு குறியீடு

தமிழ்த் தலைப்புகளில் வேறோர் இடர் காத்திருக்கிறது. ‘தேன்கனிக்கோட்டை’ என்பதில் உள்ள ‘கோ’வின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீட்டெண்ணாலும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கு அவை வேறு சொற்கள். இரு மூலங்களிலிருந்து பெற்ற பட்டியல்களை இணைக்கும்போது ஒரே கட்டுரை இருமுறை எண்ணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பைத்தானுடன் வரும் யூனிகோட்டேட்டா கூற்றின் நார்மலைஸ் செயற்கூறு இதனைச் சீர்செய்யும். காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டச்சிட்ட பிழையை அது திருத்தாது. ‘இராயக்கோட்டை’, ‘ராயக்கோட்டை’ ஆகியவற்றையும் ஒன்றாக்காது. அவற்றுக்கு மாற்றுவடிவப் பட்டியலை நாமே எழுத வேண்டும். டிஓஐ எண் இருப்பின் தலைப்பை விட்டு அதனைக்கொண்டு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

டிஓஐ இல்லாதவை

கிராஸ்ரெஃப், தன்னிடம் டிஓஐ பதிவுசெய்த பதிப்பகங்களின் வெளியீடுகளையே அறியும். டிஓஐ பெறாத தமிழ் இதழ்கள் பல. அவற்றுள் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் மென்பொருளில் இயங்குவனவற்றின் மீத்தரவை ஓஏஐ நெறிமுறைவழிப் பெறலாம்; அதற்குச் சிக்கிள் என்னும் பைத்தான் நூலகம் உதவும். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்காவைப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் பல சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றவை. ஆதலால் அங்கும் ‘சேலம்’ என்று தேட நேரும். அச்சில் மட்டும் வந்த கருத்தரங்கத் தொகுப்புகளை எந்த நூலகமும் திரட்டித் தராது. கல்லூரி நூலக அலமாரிகளில்தான் அவற்றைத் தேட வேண்டும்.

இவ்வாறு திரட்டியபின் ஆய்வேட்டில் தேடிய நாள், தரவுத்தளம், நிரல் நூலகத்தின் பதிப்பெண், பயன்படுத்திய பெயர்வடிவங்கள் அனைத்தையும் பின்னிணைப்பாகத் தருதல் வேண்டும். கிராஸ்ரெஃப் தரவு நாள்தோறும் வளர்வதால், அதே நிரலை அடுத்த ஆண்டு இயக்குபவருக்கு வேறு பட்டியல் கிடைக்கும்.