திரும்பத் திரும்ப வரும் தொற்று

சரியான மாத்திரை, சரியான அளவு, சரியான நாட்கள். ஆனாலும் சில மாதங்களில் அதே எரிச்சலோடும் வெள்ளைப்படுதலோடும் ஒரு பெண் புறநோயாளிப் பிரிவுக்கு மறுபடி வருகிறார். மருந்துக்கு அடங்காத கிருமியோ என்று சோதித்தால் அதுவும் இல்லை. இந்தப் புதிருக்கான விடை சில சமயம் வீட்டில் இருக்கிறது. பால்வினைத் தொற்று ஒழிய வேண்டுமென்றால் கணவரும் மருந்து சாப்பிட வேண்டும். சொன்னால் அடி விழும் என்று அஞ்சுபவர் சொல்லாமலே இருந்துவிடுகிறார். தொற்று திரும்பி வருகிறது.

கன்னத்தில் விழும் அடிக்கும் கருக்குழாயில் வரும் நோய்க்கும் இடையே இப்படிப் பல பாதைகள் உண்டு. கட்டாய உறவில் பிறப்புறுப்பின் மென்மையான உட்தோல் கிழியலாம். கிருமிக்கு அது திறந்த வாசல். பயத்தோடு வாழ்பவரால் ஆணுறை வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. சிகிச்சை தள்ளிப்போனால் கிருமி மேலேறிக் கருக்குழாயில் தழும்பு உண்டாக்கும். தீராத அடிவயிற்று வலியும் குழந்தையின்மையும்கூட அதிலிருந்து வரலாம்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் எச்ஐவி இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்களை ஆய்வாளர் ரேச்சல் ஜூக்ஸ் குழுவினர் இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். துணைவரின் வன்முறைக்குப் பலமுறை ஆளானவர்களிடம் புதிய எச்ஐவி தொற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. 2010இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. அதே ஆண்டு, வடக்குக் கலிபோர்னியாவின் குடும்பநல கிளினிக்குகளில் எலிசபெத் மில்லர் குழுவினர் செய்த ஆய்வும் வெளிவந்தது. மாத்திரையை ஒளித்தல், ஆணுறையில் ஓட்டை போடுதல் என்று துணைவரே கருத்தடையைக் கெடுத்ததாக அதில் சுமார் 15 சதவீதப் பெண்கள் தெரிவித்தனர்.

வன்முறைக்கும் உடல்நலத்துக்குமான தொடர்பை ஆராயும் துறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் செவிலியர் என்பது தற்செயலல்ல. அமெரிக்காவின் ஜாக்குலின் கேம்ப்பெல், 2002இல் ‘லான்செட்’டில் எழுதிய ஆய்வுரையில், வன்முறைக்கு ஆளான பெண்களிடம் மிகச் சீராகவும் நெடுங்காலமும் காணப்படும் உடற்கேடு மகளிர் நோய்களே என்று காட்டினார். கன்றிய தோல் சில வாரங்களில் ஆறிவிடும். இவை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

ஆகவேதான், அடிக்கடி வரும் பால்வினைத் தொற்று, விரும்பாத கர்ப்பங்கள், காரணம் புரியாத நாள்பட்ட வலி ஆகியவற்றைக் கண்டால் வன்முறை பற்றிக் கேளுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி. தனியறையில் வைத்துக் கேட்க வேண்டும். கணவரோ மாமியாரோ அருகில் இருக்கக் கூடாது. மும்பையின் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக இயங்கும் ‘திலாசா’ மையம், இதை நம் அரசு மருத்துவமனைகளிலும் செய்ய முடியும் என்று நிரூபித்தது.

“அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா” என்பது மருத்துவப்படி சரியான அறிவுரை. ஆனால் சில பெண்களுக்கு அதுவே அடிவாங்கக் காரணமாகிவிடும். “இதை அவர்கிட்ட சொன்னா உங்களுக்கு ஏதாவது ஆபத்து வருமா?” என்று செவிலியர் முதலில் கேட்கட்டும். மருந்துச் சீட்டைப் போலவே அந்தக் கேள்வியும் சிகிச்சைதான்.