கடன்படாமல் ஒரு நில அளவை அலுவலகம்



இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து சொந்தக் காணியில் கால் வைத்த நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். கதியால் வேலி இல்லை. எல்லைக்கல் இல்லை. நமது காணி எங்கே முடிகிறது, பக்கத்துக் காணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பற்றைகளுக்கு நடுவே நின்றோம். உறுதியும் அதனோடு இருந்த நில அளவைப் படமும் பலருக்குத் தொலைந்தே போயின. கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குக் காணியின் எல்லை தெளிவாக இருந்தால்தான் வங்கிக் கடன் கேட்கவும், பிள்ளைக்குப் பிரித்து எழுதிக் கொடுக்கவும் வழி பிறக்கிறது. ஆகவே நில அளவை நமக்கு மிகவும் வேண்டிய தொழில். அந்தத் தொழிலில் நமது பெண் பிள்ளை ஒருத்தி இறங்குகிறாள் என்றால் மகிழ்ச்சிக்குக் கேட்கவா வேண்டும்?

கிளிநொச்சிப் பக்கம் நான் போய்வரும் ஒரு வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். தகப்பன் யுத்தத்தில் இறந்துவிட்டார். தாய் தோட்டம் செய்து படிப்பித்தார். பிள்ளை சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை படித்து, மூத்த நில அளவையாளர் ஒருவரிடம் வேலை பழகி, அனுமதிப்பத்திரமும் பெற்றுவிட்டாள். தாயின் காப்புகளை அடைவு வைத்து, கோணமும் தூரமும் அளக்கும் ரோட்டல் ஸ்ரேசன் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். அடுத்துக் கணினிக்கு மென்பொருள் வேண்டும். விற்பவர் கொடுத்த விலைப்பட்டியலைக் கண்டதும் தாய் கலங்கிப் போனார்.

"பிள்ளை, காப்பு ரெண்டும் அடைவிலை கிடக்குது. இனி கொம்பியூட்டருக்குள்ளை போடுற சாமானுக்கும் கடன் எடுக்க வேணுமோ?" என்று என்னிடம் கேட்டார்.

"எல்லாரும் ஓட்டோகாட்தான் பாவிக்கினம் அக்கா. அது இல்லாட்டி ஆர் என்னட்டை வருவினம்?" என்றாள் மகள்.

நுண்கடன் எடுத்து வாரா வாரம் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் தாய்மாரை நான் நாளும் சந்திக்கிறேன். ஆகவே, "கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் ஒரு கொப்பியை எடு" என்றேன். கணினியில் செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். அவள் நான்கு வேலைகளை எழுதினாள்.

முதலாவது, கருவியில் பதிந்த அளவுகளைக் கணினிக்கு மாற்றுவது. பெரும்பாலான கருவிகள் அளவுகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே கொடுக்கும். இதற்குத் தனி மென்பொருள் தேவையா என்பதைக் கருவி வாங்கும் போதே கேட்க வேண்டும். மாற்றும் வயரும் கூடவே கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. காணியைச் சுற்றி அளந்து வந்தால் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். நான்கு மூலைக் காணியில் உள்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை. எவ்வளவு பிழைக்கிறது என்று பார்த்துத் திருத்தி, பிறகு பரப்பளவு காண வேண்டும். இவை எல்லாவற்றையும் எக்ஸெல் போன்ற அட்டவணையில் செய்யலாம். லிப்ரே ஒபிஸ் என்ற இலவசத் தொகுதியிலும் அத்தகைய அட்டவணை உண்டு.

மூன்றாவது, படம் வரைந்து அச்சிடுவது. லிப்ரேகாட் என்ற இலவச மென்பொருளில் தட்டையான காணிப் படம் வரையலாம். அது டி.எக்ஸ்.எஃப். வகைக் கோப்பில் வேலை செய்யும். ஓட்டோகாட்டின் டி.டபிள்யூ.ஜி. கோப்பாக அதில் சேமிக்க முடியாது. அப்படி ஒரு கோப்பு வந்தால் மாற்றித் தருவதற்கு ஓ.டி.ஏ. என்ற இலவச மாற்றி இருக்கிறது.

நான்காவது, காணியைத் தேச வரைபடத்தில் சரியான இடத்தில் வைப்பது. 2002 இல் தொடங்கப்பட்டு, உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்துவரும் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவுகிறது. தொழிலுக்குப் பாவிப்பதற்கும் அதற்குக் கட்டணம் இல்லை.

எழுதி முடித்தபோது நான்கு வேலைக்கும் காசில்லாமல் வழி இருப்பது தெரிந்தது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் நில அளவை படித்தவள் அல்ல. ஆகவே ஒரு பரீட்சை வைக்கச் சொன்னேன். ஏற்கனவே அளந்து முடித்து, விடை தெரிந்த ஒரு காணியை எடுத்து இந்த மென்பொருள்களில் மீண்டும் செய்து பார்ப்பது. அவளுடைய மூத்தவரும் ஒரு பழைய வேலையைத் தந்து உதவினார்.

முதல் தடவை அந்தக் காணி கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்குள் போய் விழுந்தது! தாயும் நானும் சிரித்துவிட்டோம். பிள்ளை சிரிக்கவில்லை. இருந்து காரணத்தைக் கண்டுபிடித்தாள். இலங்கையில் இரண்டு ஆள்கூற்று முறைகள் இருக்கின்றன. இரண்டும் பீதுருதாலகால மலையிலிருந்தே எண்ணப்படுகின்றன. பழைய முறையில் அந்த இடத்தின் எண்கள் 2 இலட்சம், 2 இலட்சம். 1999 ஆம் ஆண்டு முறையில் 5 இலட்சம், 5 இலட்சம். கிளிநொச்சி நகரின் வடக்கு எண் பழைய முறையில் 4 இலட்சத்து 60 ஆயிரத்தை அண்டி வரும். புதியதில் 7 இலட்சத்து 60 ஆயிரத்தை அண்டி வரும். அவள் கையில் இருந்தவை பழைய எண்கள். கியூ.ஜி.ஐ.எஸ். இல் பழைய முறைக்குக் குறியீடு 5234, புதியதற்கு 5235. சரியானதைத் தெரிவு செய்ததும் காணி தன் இடத்துக்கு வந்தது. பரப்பளவும் மூத்தவரின் விடையோடு ஒத்துப் போனது.

பரப்பளவைக் கையாலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு 10 பேர்ச், ஓர் ஏக்கர் 16 பரப்பு. விலை கூடிய மென்பொருளும் பிழையான எண்ணைக் கொடுத்தால் பிழையான விடையைத்தான் தரும். 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரே படத்தில் ஒப்பமிடுகிறார். பிழைக்குப் பொறுப்பும் அவருக்கே.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. வீதி, கட்டடம் கட்டும் ஒப்பந்தகாரர்கள் டி.டபிள்யூ.ஜி. கோப்பையே கேட்பார்கள். அந்த வேலை அடிக்கடி வரத் தொடங்கினால் வாங்கத்தான் வேண்டும். ஓட்டோகாட்டை 2016 இலிருந்து ஒரே தடவையாக விலைக்கு வாங்க முடியாது. சந்தாக் கட்டித்தான் பாவிக்க வேண்டும். முழு மென்பொருளுக்கு அமெரிக்க விலையில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 டொலர். காணிப் படத்துக்குப் போதுமான எல்.ரி. என்ற சிறிய வகை அதில் நாலில் ஒரு பங்கு அளவில் வரும். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுக்கவும் முடியும். ஒருமுறை கட்டி வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் இசட்.டபிள்யூ.காட், பிரிக்ஸ்காட் ஆகியவற்றின் விலையைக் கேட்டுப் பார்க்கலாம். அவற்றைச் சில நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கவும் வசதி உண்டு.

சகோதரிகளே, திருட்டுப் பிரதியை மட்டும் தொடவே வேண்டாம். சில நூறு ரூபாவுக்கு யாரோ பதிந்து தருவார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. மாணவருக்கு இலவசமாகக் கிடைப்பதையும் தொழிலுக்குப் பாவிக்கக் கூடாது. திருட்டுப் பிரதியோடு வரும் வைரஸ் ஒரு நாளில் எல்லாப் படங்களையும் அழித்துவிடலாம்.

உறுதியை மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாம். ஒரு காகிதம் தொலைந்தால் என்னவாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு வேலையையும் எழுத்துக் கோப்பு, டி.எக்ஸ்.எஃப்., பி.டி.எஃப். என்று மூன்று வடிவிலும் சேமியுங்கள். சந்தா முடிந்தாலும் மென்பொருள் மாறினாலும் அவை திறக்கும். ஒரு பிரதியைப் பென்ட்ரைவில் போட்டு வேறொரு வீட்டிலும் வையுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது இலவச மென்பொருள்களோடுதான் வேலை செய்கிறாள். முதலில் கிடைத்த வருமானத்தில் ஒரு காப்பு மீண்டு வந்துவிட்டது. மற்றது இன்னும் அடைவில் இருக்கிறது. அதை மீட்ட பிறகுதான் சந்தாவைப் பற்றி யோசிப்பதாகத் தாயும் மகளும் முடிவு செய்திருக்கிறார்கள்.

புதிதாகத் தொழில் தொடங்கும் நீங்களும் விலைப்பட்டியலைக் கையில் எடுக்க முன் ஒரு கொப்பியை எடுங்கள். செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். காசில்லாமல் கிடைப்பதை விடை தெரிந்த ஒரு வேலையில் பரீட்சித்துப் பாருங்கள். மிகுதி வாங்க வேண்டியதை, உழைத்து வந்த பணத்தில் வாங்குங்கள்.