முட்டுக்கட்டையும் தேர் வேலைதான்

"ஊர் கூடித் தேர் இழுக்கலாம் தம்பி. ஊர் கூடிக் கணக்குப் போட முடியுமா?" என்று கேட்டார் எங்கள் தெருக் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றுப் பல வருஷமாயிற்று. கூட்டு வேலை என்றாலே அவருக்குச் சந்தேகம். நாலு பேர் ஒரே விடை எழுதியிருந்தால் மூன்று பேர் பார்த்து எழுதியவர்கள் என்பது அவர் அனுபவம்.

டீ வந்ததும் சொன்னேன். இதே கேள்வியை 2009 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டிமதி கௌவர்ஸ் தன் வலைப்பதிவில் கேட்டார். 1998-இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். துணைக்கு ஆள் தேட வேண்டிய நிலையில் இருந்தவர் அல்ல. கேட்டதோடு நிற்காமல் ஒரு கணக்கை நடுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்றார்.

அந்தக் கணக்கின் வாசல் நமக்குத் தெரிந்ததுதான். பின் பெஞ்சில் ஒன்பது கட்டம் போட்டுச் சுழியும் பெருக்கலும் ஆடுவோமே, அதே கட்டம். எதிராளி இல்லை. நீங்கள் மட்டும் சுழி போடுகிறீர்கள். எந்தப் பக்கமும் மூன்று சுழி ஒரே கோட்டில் வரக் கூடாது. எத்தனை போடலாம்?

வாத்தியார் மேஜைமேல் கிடந்த பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். "ஆறு. ஒரு மூலைவிட்டத்தை மட்டும் காலியா விடணும்."

ஏழு ஏன் முடியாது? ஏழு போட்டால் காலி இரண்டுதான். வரிசையோ மூன்று. ஒரு வரிசை நிரம்பியே ஆக வேண்டும்.

இனி இப்படி மூன்று பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கட்டம் 27, கோடு விழாமல் 16 வரை போடலாம். அடுத்த படி நான்கு பரிமாணம். கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத் தெரியும். கட்டம் 81, போடக்கூடியது 43. விழுக்காட்டில் 67, 59, 53 என்று இறங்குகிறது. பரிமாணம் ஏற ஏற இந்த விழுக்காடு பூஜ்யத்தை நோக்கித் தேயும். நூற்றுக்கு ஒரு கட்டம்தான் நிரப்புவேன் என்றாலும், பரிமாணம் போதிய அளவு உயர்ந்தால் எங்காவது ஒரு கோடு விழுந்தே தீரும். கௌவர்ஸ் எடுத்த கணக்கில் கோட்டுக்கு வைத்த இலக்கணம் இன்னும் கொஞ்சம் கறாரானது, அடிப்படை இதுதான்.

இதை ஃபர்ஸ்டன்பர்க், காட்ஸ்னெல்சன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1991-லேயே நிரூபித்துவிட்டார்கள். ஆனால் வேறொரு துறையின் கனமான கருவிகளைக் கொண்டுவந்து செய்த நிரூபணம் அது. கட்டத்தை எண்ணும் கணக்குக்கு, எண்ணும் முறையிலேயே ஒரு வழி கிடைக்காதா என்பது கௌவர்ஸின் ஆசை.

"சரி, கூட்டத்தை எப்படி மேய்ச்சார்?"

விஷயமே அங்கேதான் இருக்கிறது. சில விதிகள் போட்டார். ஒரு நேரத்தில் ஒரு சின்ன எண்ணம் போதும். தனியே போய் நாள்கணக்கில் யோசித்து முழுசாகக் கொண்டுவராதீர்கள். பாதி வெந்ததையே சொல்லுங்கள். அசட்டு யோசனை சொல்லத் தயங்க வேண்டாம். அடுத்தவர் யோசனை ஓடாது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், மரியாதையாக.

முதல் பதில் கனடாவிலிருந்த ஒரு கணித ஆய்வாளரிடமிருந்து வந்தது. அடுத்து எழுதியவர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பள்ளி ஆசிரியர். அவருக்குப் பின்னாலேயே டெரன்ஸ் டாவ், அவரும் ஃபீல்ட்ஸ் பதக்கக்காரர்.

"பள்ளிக்கூட வாத்தியாரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆமாம் சார். இப்படி 27 பேர், சுமார் 800 குறிப்புகள். 37 நாளில் வழி கிடைத்துவிட்டது என்று கௌவர்ஸ் அறிவித்தார். கட்டுரை 2012-இல் 'அனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்' இதழில் வந்தபோது ஆசிரியர் பெயர் டி.எச்.ஜே. பாலிமேத். அப்படி ஓர் ஆள் இல்லை. இனிஷியல் அவர்கள் நிரூபித்த தேற்றத்தின் பெயரிலிருந்து எடுத்தது.

எல்லாக் கூட்டு முயற்சியும் இப்படி ஜெயிக்கவில்லை. இன்னொரு கணக்கு இதோ. +1, −1 என்ற எண்களை முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகிறோம். முதலிலிருந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம்; இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகத் தாண்டியும் கூட்டலாம். எந்தத் தாண்டலிலும் கூட்டுத்தொகை ஒரு வரம்பை மீறாதபடி எழுத முடியுமா? கணிதவியலாளர் பால் ஏர்டிஷ் கேட்ட கேள்வி இது. 2010-இல் இதையும் கூடி எடுத்தார்கள். ஓரளவு போய் நின்றுவிட்டது. 2015-இல் டாவ் வேறெதையோ எழுதிக்கொண்டிருந்தபோது, அதற்கும் இந்த ஏர்டிஷ் கணக்குக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஒரு வாசகர் கேட்டார். இருக்காது என்றுதான் டாவ் முதலில் நினைத்தார். பிறகு யோசித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நிரூபணம் வந்துவிட்டது: முடியாது. 2010-இல் கூட்டம் பாதி வழியில் விட்டுப்போன ஒரு படி அதில் அப்படியே உபயோகப்பட்டது. கடைசி உந்துதல் ஒருவருடையது. ஏறி நின்ற திட்டு பலர் போட்டது.

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேர்ல வடம் பிடிக்கிறவனைத்தான் எல்லாரும் பாப்பாங்க. முட்டுக்கட்டை போடறவனைப் பாத்திருக்கியா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். சக்கரத்தடியில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புகிறவர், நிறுத்துகிறவர். பேச்சில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரடியில் அது இல்லாவிட்டால் தேர் வீட்டுச் சுவரில் போய் முட்டும். 'இது ஓடாது' என்று மரியாதையாகச் சொன்ன ஒவ்வொரு குறிப்பும் அந்தக் கட்டைதான். நம் ஊர்க் கூட்டங்களில் இழுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. மனசு கோணாமல் கட்டை போடவும், போட்டால் கோபிக்காமல் திரும்பவும்தான் பழக வேண்டும்.

டீ ஆறியிருந்தது. அவர் பில்லில் மூன்று பலகை வரைந்து சுழி போட்டுக்கொண்டிருந்தார். அடித்தார், மாற்றினார். கடைசியில் பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"பதினாலுக்கு மேல எனக்கு வரலை. எங்க தப்புன்னு நீ பாரு."