கடலில் இறங்குமுன்

ஆகஸ்ட் 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவிற்கு ஒருமுறையேனும் செல்லாத குடும்பங்கள் நம் பங்குகளில் சிலவே. காவியுடுத்திப் பல நாள் நடந்து செல்வோரும் உளர். இரயிலிலும் பேருந்திலும் செல்வோரும் உளர். எவ்வாறு சென்றாலும், கடலில் ஒரு முழுக்குப் போடாமல் ஊர் திரும்ப நமக்கு மனம் வருவதில்லை. குளத்திலும் ஆற்றிலும் நீந்தத் தெரிந்தவர்களே கடலில் பெரிதும் ஏமாறுகின்றனர் என்பது நம் எண்ணம். நீந்தத் தெரியாதவன் கணுக்காலோடு நின்றுவிடுகிறான். தெரிந்தவனோ கடலையும் குளமென்றே எண்ணி இறங்கிவிடுகிறான்.

கரைமேல் ஏறும் அலைநீர் எவ்வழியேனும் திரும்பியாக வேண்டும். கரையை அடுத்து நீருக்கடியில் மணல்மேடுகள் உண்டு. அம்மேடுகளுக்கு இடையே பள்ளமான வழி ஒன்று அமையுமாயின், திரும்பும் நீரெல்லாம் அதன் வழியே திரண்டு, ஓடையைப்போல் கடலை நோக்கி விரையும். சில வேளைகளில் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரையும் எட்டும். உலகப் போட்டிகளில் வெல்லும் நீச்சல்வீரராலும் அதை எதிர்த்து வர இயலாது. இதில் நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. இருபுறமும் அலைகள் நுரைத்து உடையும்போது, இவ்விடத்தில் மட்டும் அலை உடையாது; நீர் சற்றே கருத்து அமைதியாய்த் தோன்றும். ‘இங்கே அலையில்லை, பிள்ளைகள் குளிக்கட்டும்’ என்று பெற்றோர் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அவ்விடத்தையே!

இழுப்பில் அகப்பட்டவர் கரையைப் பார்த்தே நீந்தினால் களைத்து மூழ்குவார். அந்நீரோட்டம் ஆளைக் கடலை நோக்கி இழுக்குமேயன்றி, அடியில் அமிழ்த்துவதில்லை. ஆதலால் பதறாமல் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சிறிது தொலைவு நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்தபின் கரைக்குத் திரும்பலாம்.

மூழ்குபவர் கூச்சலிடுவார் என்று எதிர்பார்ப்பது தவறு. மூச்சுக்கே வழியின்றி வாய் நீர்மட்டத்தில் தத்தளிக்கையில் குரல் எங்ஙனம் எழும்? கரையில் கைப்பேசியும் கையுமாய் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. எனவே, சிறுவர் நீரில் இருக்கும் வரை ஒருவர் வேறு அலுவலின்றி அவர்களையே பார்த்திருக்க வேண்டும். சேலையும் வேட்டியும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதைப் பெரியவர்களும் மறத்தலாகாது. உடனிருப்பவர் இழுபட்டால் நாமும் பாய்வது இயல்பே. ஆனால் ஒருவருக்காகப் பாய்ந்து இருவர் மூவர் மாண்ட துயரங்கள் பல. மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்டிக் குடம், கயிறு என மிதப்பதையோ எட்டுவதையோ எறிந்துவிட்டு, மீனவரைக் கூவி அழைப்பதே அறிவுடைமை.

தென்கோடியில் உள்ளோர்க்கு இன்னொரு சொல். கள்ளக்கடல் என்பது மீனவர் இட்ட பெயர். பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலில் வீசிய புயற்காற்று எழுப்பிய அலை, சில நாள் கழித்து நம் கரையை அடைவது அது. இங்கே காற்றிராது, மழையிராது. கள்ளன் வருவதுபோல் கடல் ஏறிவரும். எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும், 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டுபோயிற்று. வானம் தெளிந்திருக்கிறதே என்பது கடலைப் பொறுத்தவரை ஒரு சான்றே அன்று.

2004 டிசம்பர் 26-ஐ நாம் மறந்திலோம். அன்று ஞாயிறு, வேளாங்கண்ணிக் கரையில் நின்ற திருப்பயணிகள் பலர் மாண்டனர். 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. எனினும், நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ அறிவிப்பிற்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடுக. உள்வாங்காமலே அலை வருவதும் உண்டு.

கரைசேர்த்தவரைத் தலைகீழாய்த் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் நம்மிடையே இன்னும் ஒழியாத பழக்கங்கள். இவற்றால் காலம் வீணாவதோடு, இரைப்பையில் உள்ளது நுரையீரலுள் புகவும் கூடும். மூச்சில்லையேல் உடனே மல்லாத்திக் கிடத்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய்வைத்து மூச்சு ஊட்டுக. பின் மார்பின் நடுவே 30 முறை அழுத்தி, இருமுறை மூச்சு ஊட்டி, இவ்வாறே தொடர்க. மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்விழித்து எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நீர் புகுந்த நுரையீரல் சில மணிநேரம் கழித்தும் மூச்சுத்திணறலைத் தரவல்லது.