வாட் எண்ணை எப்படிப் படிப்பது?

ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு வெப்பமானி, இரண்டு நிமிடம். மைக்ரோவேவ் அடுப்பின் உண்மையான பலத்தை அறிய வீட்டில் இவ்வளவு போதும்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. சுவரிலிருந்து அடுப்பு இழுக்கும் மின்சாரம் ஒன்று. உணவுக்குப் போய்ச் சேரும் நுண்ணலை ஆற்றல் வேறொன்று. நுண்ணலையை உண்டாக்கும் மாக்னெட்ரான் குழலும் அதற்கான மின்சுற்றும் மூன்றில் ஒரு பங்கை வெப்பமாகவே இழந்துவிடும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் உள்ளே விசிறி ஓடுகிறது. 1,250 வாட் இழுக்கும் அடுப்பில் சமைப்பது சுமார் 800 வாட்தான். கிரில், கன்வெக்‌ஷன் வசதி உள்ள மாடல்களில் அவற்றின் கம்பிச்சுருளுக்கும் தனித்தனி வாட் உண்டு. வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே: “மைக்ரோவேவ் அவுட்புட் எவ்வளவு?”

அந்த எண் கூடினால் என்ன லாபம்? 30 டிகிரியில் உள்ள ஒரு தம்ளர் (200 மி.லி.) தண்ணீரை 90 டிகிரிக்குச் சூடாக்க, கணக்குப்படி 700 வாட்டில் 72 விநாடி, 1,000 வாட்டில் 50 விநாடி. வெறும் 22 விநாடி வித்தியாசம். அதுவே ஒரு லிட்டர் என்றால் ஆறு நிமிடம், நாலு நிமிடமாகக் குறையும். ஆக, ஒருவருக்கு மட்டும் சாம்பார் சூடாக்க 700 வாட் தாராளம். ஐந்தாறு பேருக்குக் காய் வேகவைக்கும் வீட்டுக்கு 900, 1,000 வாட் கைகொடுக்கும்.

ஆனால் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான உணவுகளில் நுண்ணலை வலுவாக ஊடுருவுவது ஓரிரு சென்டிமீட்டர் ஆழம்தான். அதற்கு அப்பால் சூடு மெல்லப் பரவித்தான் ஆக வேண்டும். முழுப் பலத்தில் வைத்த கெட்டிக்குழம்பு ஓரத்தில் கொதித்து, நடுவில் ஜில்லென்று இருப்பது இதனால்தான். பால் பொங்கி வழியாமலும் சோறு குழையாமலும் இருக்கப் பலத்தைக் குறைக்கத் தெரிந்த அடுப்பு வேண்டும். சாதாரண மாடலில் ‘50 சதவீதம்’ என்றால், மாக்னெட்ரான் பாதி நேரம் முழுவீச்சில் ஓடி, மீதி நேரம் நின்றுவிடும். இன்வெர்ட்டர் மாடலோ பலத்தையே தணித்துச் சீராகத் தரும்.

பலம் இந்த அடுப்புக்குப் பிறவியிலேயே உண்டு. ரேடாருக்கான மாக்னெட்ரானில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், 1945-இல் அதைச் சமையலுக்குத் திருப்பினார். 1947-இல் வந்த ‘ரேடாரேஞ்ச்’ 3,000 வாட் மின்சாரம் இழுத்தது. எடை சுமார் 340 கிலோ. அதை வீட்டு மேடைக்கு ஏற்றபடி அடக்கவே மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

வீட்டு மின்னிணைப்பையும் பாருங்கள். 1,000 வாட் அவுட்புட் அடுப்பு சுமார் 1,500 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். மிக்ஸி செருகும் சின்ன பிளக் தாங்காது. 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் கட்டாயம்.

இனி அந்தச் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழுப் பலத்தில் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். கலக்கிவிட்டு மறுபடி அளந்து, ஏறிய டிகிரியை 35-ஆல் பெருக்குங்கள். 20 டிகிரி ஏறினால் 700 வாட். பாத்திரமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்வதால் விடை சற்றுக் குறைந்தே வரும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அடுப்பின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். 1,000 வாட்டில் ஏழு நிமிடம் என்று சொல்லும் சமையல் குறிப்பு, உங்கள் 700 வாட் அடுப்பில் பத்து நிமிடம் என்று அப்போது உடனே தெரிந்துவிடும்.