புதுக் கார் வந்தாச்சு... பானெட்டைத் திறந்து பார்த்தீங்களா?



கோலமும் கூட்டுக் குழம்பும் வருகிற பகுதியில் இவள் என்ன கார் பற்றி எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அதைத் துடைப்பது நாம். வெள்ளிக்கிழமை சந்தனம், குங்குமம் வைப்பது நாம். பிள்ளைகள் சிந்திய முறுக்குத் தூளைப் பொறுக்குவதும் நாம்தான். ஆனால் பானெட் பக்கம் மட்டும் போக மாட்டோம். "அதெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க" என்று விட்டுவிடுவோம்.

எங்கள் வீட்டில் 'அவங்க' இருப்பது கத்தாரில். வருஷத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. கார் வாங்கியதே என் மாமியாருக்காக. அத்தைக்கு செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விடிகாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கும். அதனால், "இன்னைக்கு வண்டி வராது" என்கிற பேச்சே எங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. ஓட்டுவதும் நான்தான். இந்த ஒன்றரை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது உங்களுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புது வண்டியோடு ஒரு தடிப் புத்தகம் தருவார்கள். பல வீடுகளில் அது டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கும். முதலில் அதைப் பிரியுங்கள். இங்கிலீஷில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், படம் போட்டுத்தான் இருக்கும். பத்தாவது படிக்கிற என் மகளை உட்கார வைத்து, தினம் ராத்திரி நாலு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பாதிக் கதை புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எப்படியும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கப் போகிறோம். அதோடு பத்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் மஞ்சளாக ஒரு வளையம் தெரியும். அதுதான் ஆயில் பார்க்கிற டிப் ஸ்டிக். வெளியே இழுத்து, பழந்துணியில் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுங்கள். கம்பியின் நுனியில் இரண்டு குறி இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. நிறம் கறுத்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஓட ஓட அப்படித்தான் ஆகும். கீழ்க் குறிக்கும் கீழே போயிருந்தால்தான் கவலை.

பிறகு கூலண்ட் டப்பா. வெள்ளை பிளாஸ்டிக்கில் வெளியிலிருந்தே அளவு தெரியும். மூடியைத் திறக்கவே வேண்டாம். பக்கத்திலேயே வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றுகிற டப்பா இருக்கும், அதன் மூடியில் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி படம் போட்டிருக்கும். இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள். பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவுக் கோடு உண்டு. அது குறைந்திருந்தால் நாமாக எதையும் ஊற்றாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

இந்தப் பத்து நிமிஷத்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாசல் தெளிக்கப் போனபோது, காரின் முன்பக்கம் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பக்கத்து வீட்டுத் தாத்தா, "ஏசி தண்ணிம்மா, எல்லா வண்டியிலயும் சொட்டும்" என்றார். ஏசி ஓடினால் தண்ணீர் சொட்டுவது வாஸ்தவம்தான், அது கெடுதலும் இல்லை. ஆனால் அது பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் நிறுத்திய வண்டிக்குக் கீழே, நம் ஊர் வெயில் காலத்தில், விடியும் வரை காயாமல் இருக்காது. விரலால் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று பிசுக்காக, லேசான பச்சை நிறத்தில் இருந்தது. பானெட்டைத் திறந்தால் கூலண்ட் கீழ்க் கோட்டுக்கும் கீழே. கம்பெனியின் அவசர நம்பருக்குப் போன் போட்டேன், மத்தியானத்துக்குள் ஒரு பையன் வந்தான். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயின் கிளிப் லூசாகி இருந்ததாம். முடுக்கிவிட்டு, கூலண்ட் ஊற்றிக் கொடுத்தான். வாரண்டியில் இருந்ததால் காசு கிடையாது. "கவனிக்காம இப்படியே ஓட்டியிருந்தா இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போயிருக்கும்க்கா" என்றான். மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணிக்கு அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இன்னொன்று. கூலண்ட் லேசாக இனிக்கும், ஆனால் விஷம். தரையில் சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். தவழுகிற குழந்தையும் நாயும் பூனையும் உள்ள வீடுகளில் ரொம்பவே கவனம் தேவை.

அடுத்து டேஷ்போர்டு விளக்குகள். சாவி போட்டதும் எல்லாம் ஒரு தடவை எரிந்து அணைவது இயல்பு. ஓடும்போது எரிந்தால்தான் விஷயம். மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு என்று அர்த்தம், சிவப்பு என்றால் நிறுத்து. அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு படம் சிவப்பாக எரிந்தால் ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள், வீடு பக்கம்தானே என்று நூறடிகூட ஓட்டக்கூடாது. தண்ணீரில் தெர்மாமீட்டர் நிற்கிற மாதிரி படம் சிவப்பாக வந்தால் இன்ஜின் கொதிக்கிறது. அப்போதும் நிறுத்த வேண்டியதுதான். சூட்டோடு ரேடியேட்டர் மூடியையோ கூலண்ட் மூடியையோ திறக்கவே கூடாது. ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்போமா? அதே கதைதான் இதுவும், முகமே வெந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மஞ்சளில் இன்ஜின் படம் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டலாம். அதுவே மின்னி மின்னி எரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு உதவிக்குப் போன் செய்வது நல்லது.

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரு நிமிஷம் நிதானமாக யோசியுங்கள். பட்டன் அமுக்குகிற வண்டியாக இருந்தால் ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கையும், கியர் வண்டியில் கிளட்சையும் முழுசாக மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பாதி மிதித்தால் சும்மா விளக்குதான் எரியும். சாவி போடுகிற வண்டியில் சாவி திரும்பவில்லை, ஸ்டீயரிங்கும் அசையவில்லை என்றால் ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள், விட்டுவிடும். பலம் போட்டுச் சாவியை உடைத்துவிட வேண்டாம். ரிமோட் சாவியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிற சின்னச் சாவியால் கதவைத் திறக்கலாம். பிறகு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டினாற்போல வைத்து அமுக்கினால் பல வண்டிகளில் கிளம்பிவிடும். விளக்கெல்லாம் மங்கலாக, 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. ஆட்டோமேட்டிக் வண்டியை நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிப் பிரயோஜனமில்லை, கிளம்பாது. இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும், அதற்கு அவசர நம்பரைக் கூப்பிடுவதே நல்லது. எடுக்காமலே நிற்கிற வண்டியில்தான் பேட்டரி சீக்கிரம் இறங்கும். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். போர்ட்டிகோவில் சும்மா ஐந்து நிமிஷம் உறும விடுவது போதாது.

டயர் காற்றை மாதம் இரண்டு தடவை பார்க்க வேண்டும். எவ்வளவு என்று பங்க் பையனைக் கேட்காதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 30லிருந்து 35க்குள் இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பின சூட்டோடு, தூரம் ஓடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். சுடச்சுட காபி குடித்துவிட்டு வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் காட்டுமே, அந்த மாதிரி ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்கச் சொல்லுங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். டயரில் ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். இப்போதைய டியூப்லெஸ் டயரில் ஆணி இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், பங்க்சர் கடை வரை போய்விடலாம்.

ஸ்டெப்னி மாற்றுவது ஆண் பிள்ளை வேலை என்று யார் சொன்னது? எல்லாரையும் இறக்கிவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்றச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் இளக்கிவிட வேண்டும். கை பலம் போதாவிட்டால் ஸ்பேனர் மேல் காலை வைத்து மிதியுங்கள், அசைந்து கொடுக்கும். வண்டிக்கு அடியில் கையோ காலோ போகக்கூடாது. திரும்ப முடுக்கும்போது வரிசையாக முடுக்காமல் எதிரெதிர் நட்டாக முடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு சேர்ந்து வீட்டு வாசலிலேயே ஒத்திகை பார்த்தேன். 40 நிமிஷம் ஆனது, தெருவே வேடிக்கை பார்த்தது, பரவாயில்லை.

சர்வீஸ் விஷயத்துக்கு வருகிறேன். இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்ட்டருக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். கிலோமீட்டர் கணக்கு, மாதக் கணக்கு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது விட்டுவிட வேண்டும். "நாங்கதான் அதிகம் ஓட்டறதில்லையே" என்று தள்ளிப்போட்டால் வாரண்டி கேட்கும்போது வம்பு வரும். மூன்றாவது சர்வீஸுக்கு நான் போனபோது ஜாப் கார்டில் இன்ஜின் ஃப்ளஷ், ஏசி ட்ரீட்மெண்ட், அடிப்பக்கம் கோட்டிங் என்று நான் கேட்காத மூன்று அயிட்டம். 4,200 ரூபாய். "எல்லா மேடமும் போடறாங்க" என்றார் அந்த இளைஞர். நான் புத்தகத்தை எடுத்து நீட்டி, "தம்பி, இது எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க" என்றேன். மூன்றையும் அடித்துவிட்டார். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பொம்பளை தனியாக வந்தால் பேசாமல் கையெழுத்துப் போடுவாள் என்கிற நினைப்பு சில இடங்களில் இருக்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தில் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்யச் சொல்லுங்கள், கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். கூடுதல் விளக்கு, ஹாரன் என்று வெளியில் ஒயரை வெட்டி மாட்டுவதும் வேண்டாம், வாரண்டிக்கு ஆபத்து.

எலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முடியாது. சூடான இன்ஜின் அதற்கு மெத்தை, ஒயர் அதற்குப் பட்சணம். புகையிலைக் கட்டு, நாப்தலின் உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, துணிப் பொட்டலத்தை இன்ஜினுக்குள் வைப்பது எனக்குப் பயமாகவும் இருக்கிறது. நான் செய்தது, போர்ட்டிகோவில் இருந்த அரிசி மூட்டையையும் தேங்காய்க் குவியலையும் அப்புறப்படுத்தியதுதான். பானெட்டுக்குள் புழுக்கையோ தேங்காய் நாரோ தெரிந்தால், ஒயர்களைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெட்ரோல் வாடை வந்தால் சாவியே போடக்கூடாது.

கடைசியாக மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். என் மதினி வீட்டுக் காரில் சீட் வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு ஆளாளுக்கு, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றார்கள். மதினி சாவியைக் கொடுக்கவே இல்லை, வேறு வண்டியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். எதிர் வீட்டில் ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜினுக்குள் போன தண்ணீர் உள்ளே இருந்த ராடுகளை வளைத்துவிட்டது. இன்சூரன்ஸிலும் அது கிடைக்கவில்லை. வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்துப் பணம் கட்டியிருந்தால்தான் கிடைக்கும்.

அந்த இன்சூரன்ஸிலும் ஒரு சூட்சுமம். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்கு, நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ் மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. 'மூணு வருஷம் கட்டியாச்சு' என்று பல வீடுகளில் நிம்மதியாக இருக்கிறார்கள். நம் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். இன்றைக்கே பேப்பரை எடுத்து இரண்டு தேதியையும் பாருங்கள். எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரில் அந்தத் தேதிக்கும், ஒரு வருஷம் கழித்து எடுக்க வேண்டிய புகைச் சான்றுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.