சொதியை வைத்தும் ஒரு கேம் செய்யலாம்

ஜப்பானில் ‘விஷுவல் நாவல்’ என்றொரு கேம் வகை உண்டு. துப்பாக்கியும் பந்தயமும் இதில் முக்கியமில்லை. திரையில் படமும் பேச்சும் வரும். கதையை வாசித்துக்கொண்டே போய், இடையிடையே முடிவெடுக்க வேண்டும். இப்படிக் கதை நிறைந்த கேம்களை வெளிநாட்டாருக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஊரையே மாற்றுவது. கேப்காமின் ‘ஏஸ் அட்டர்னி’ 2001-ல் ஜப்பானில் வந்த நீதிமன்றக் கதை. 2005-ல் ஆங்கிலத்துக்கு வந்தபோது கதை லாஸ் ஏஞ்சல்ஸில் நடப்பதாக மாறியது. ராமென் பிரியையான பெண் பர்கர் பிரியை ஆனாள். இன்னொன்று, ஊரை அப்படியே விடுவது. 2008-ல் அமெரிக்காவுக்குப் போன ‘பெர்சோனா 4’-ல் ஜப்பானியச் சிற்றூரும் பள்ளிக்கூடமும் மாறவில்லை. இரண்டு கேம்களுக்கும் அங்கே ரசிகர்கள் கிடைத்தார்கள்.

தமிழுக்கு இரண்டாவது வழியே பலித்திருக்கிறது. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. நாயகிக்கு அவளுடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்திருக்கிறது. விடுபட்டதை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்காவிட்டால் இட்லி சரியாக வராது. இட்லியைப் பார்த்தே இராதவர்கூட இரண்டு முறை தவறினால் காரணத்தைப் பிடித்துவிடுவார். நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா வழங்கிய சிறந்த அறிமுக கேம் விருது ‘வெண்பா’வுக்குத்தான்.

நெல்லையின் தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கும் இந்த வழி பொருந்தும். தேங்காயில் மூன்று முறை பால் எடுப்போம். நீர்த்த பாலில் காய்கள் வேக வேண்டும். கெட்டியான முதல் பால் கடைசியில்தான். அது கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் பக்கத்தில் இஞ்சித் துவையல். வரிசை, நேரம், காரணம் மூன்றும் இருக்கின்றன. ஒரு கேமுக்கு வேண்டிய விதிகள் இவைதான். மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு இதைப் பரிமாறுகிற வழக்கம் இருப்பதால் கதையும் கையிலேயே இருக்கிறது.

தாமிரபரணிக் கரையில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வெளிநாட்டாருக்குப் புரியாதோ என்று பயந்து சொதியை சூப் ஆக்கிவிடாதீர்கள். ஆச்சியிடம் பக்குவம் கேட்டு, ஒவ்வொரு படியையும் காரணத்தோடு எழுதி வையுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.